ஏட்டில் உள்ளதும் எண்ணத்தில் உள்ளதும்

படிப்பகத்தில் ஒரு மாலை. அறிவியல் ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றிய கட்டுரையொன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். உளவியல் ஆய்விதழ்கள் மூன்றில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளுள் 100ஐ எடுத்து, ஆய்வாளர் பலர் கூடி மீண்டும் செய்து பார்த்தனர்; 2015ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். முதல் ஆய்வுகளில் 97 விழுக்காடு, 'இது தற்செயலன்று' எனக் கொள்ளத்தக்க விளைவைக் காட்டியிருந்தன. மறுமுறையோ, 36 விழுக்காடே அவ்விதம் காட்டின!

அருகிலிருந்த பெரியவர் முறுவலித்தார். "பார்த்தீர்களா தம்பி, உங்கள் விஞ்ஞானத்தின் வண்டவாளத்தை! மூன்றில் இரண்டு பங்கு பொய்யாம்!"

சுருக்கென்றது நமக்கு. என்ன செய்தோம்? ஏட்டை மடித்தோம். "யாரோ கட்டிவிட்ட கதை" என்றோம். வெட்கத்துடன் கூறுகிறோம், தோழர்களே! எதற்கும் சான்று கேட்கும் நாம், சான்று எதிரே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டோம்.

மறுநாள் அதே பகுதியை வரிவரியாகப் படித்தோம். ஒவ்வொரு முடிவையும் நிறுத்திக் கேட்டோம்: இது ஏடு கூறுவதா, நாம் கூட்டுவதா?

'36 விழுக்காடே மீண்டும் தேறின' என்பது ஏடு கூறுவது. 'எஞ்சியவை பொய்' என்பது பெரியவர் கூட்டியது. முதல் ஆய்வு தற்செயலாகத் தேறியிருக்கலாம். மறு ஆய்வே பிழைபட்டிருக்கலாம். ஆட்களும் சூழலும் மாறியதால் விளைவும் மாறியிருக்கலாம். எது காரணம் என்பதை அந்த ஓர் எண் கூறிவிடாது. 'அறிவியல் முழுவதுமே இப்படி' என்பதும் கூட்டியதே. 100 ஆய்வும் ஒரே துறையைச் சேர்ந்தவை.

ஆனால், 'ஆகவே கவலையில்லை' என்று நாம் கூறினால், அதுவும் ஏட்டில் இல்லாததே! அச்சேறியதாலேயே ஒரு முடிவு உறுதியாகிவிடாது. அந்த எண்கள் ஐயமின்றி உணர்த்துவது அதைத்தான்.

பெரியவரைத் தேடிச் சென்றோம். "கட்டுக்கதை என்றது எங்கள் பிழை, ஐயா" என்றோம்.

"அப்படியானால் யாரைத்தான் நம்புவது?" என்றார்.

"ஆளை நம்பவேண்டாம். இந்தக் குறையைக் கண்டு சொன்னவர் யார்? ஆய்வாளர்களே! மீண்டும் செய்து பார்க்கும் அந்த முறையை நம்பலாம். அதையும் சோதித்துக்கொண்டே நம்பலாம்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஏட்டை வாங்கினார். இம்முறை அவரே படித்தார்.

தோழர்களே! பிறர் கூற்றை ஐயுறுவது எளிது. நமக்கு இனிக்கும் முடிவை ஐயுறுவதன்றோ பகுத்தறிவு!