படம் பிடிக்க முடியாத கொடை

பத்திரிகை அலுவலகங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் படம் ஒன்று உண்டு. ஒருவர் காசோலையை நீட்டுவார். மற்றவர் அதனைப் பெற்றுக்கொள்வார். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் புகைப்படக் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டில், சக்கர நாற்காலி, போர்வை என்று வழங்கப்பட்ட பொருளின் பெயர் மட்டுமே மாறும். முப்பது ஆண்டுகளில் இத்தகைய படங்களுக்கு எத்தனையோ நூறு குறிப்புகள் எழுதியிருப்பேன். ஆனால், 'ஆராய்ச்சிக்காக வழங்கப்பட்டது' என்று ஒரு தடவையேனும் எழுதியதாக நினைவில்லை.

இதை எண்ணும்போதெல்லாம் ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்காளராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. அவருடைய முன்கையில் வெளிறிய படை ஒன்று இருந்தது. "தேமல்தான் தம்பி, வெயிலுக்கு வந்தது" என்பார். களிம்புகள் பூசினார்; கஷாயம் குடித்தார். இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. நாங்கள் தொட முடியாத சூட்டோடு வரும் தேநீர்க் கோப்பையை அவர் சர்வசாதாரணமாகக் கையில் பற்றிக்கொள்வார். அதனை ஒரு திறமை என்று எண்ணி நாங்கள் வியந்ததுண்டு.

1996ஆம் ஆண்டளவில் அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கின. பேனா பிடிக்க இயலாமற் போனபோதுதான் தோல் வைத்தியரிடம் சென்றார். தொழுநோய் என்று கண்டறியப்பட்டது. பன்னிரண்டு மாதங்கள் மாத்திரை உண்டார். நோய் முற்றாகக் குணமாயிற்று. மடங்கிய விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலகத் தொழுநோய் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. அதனையொட்டி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சிகிச்சை தொடங்கிய பின் இந்நோய் பிறருக்குத் தொற்றாது, நோயாளரை ஒதுக்காதீர்கள் என்றெல்லாம் அதில் அறிவுரை கூறியிருந்தேன். அண்ணைக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அறிந்த மறுநாளே, அலுவலகத்துப் பொதுக் கோப்பைகளை விட்டுவிட்டு எனக்கென்று தனிக் கோப்பை ஒன்று கொண்டுவந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சில நாட்களில் தாமும் ஒரு கோப்பை கொண்டுவந்து, தாமே கழுவி, யன்னலோரத்தில் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, நீர் எழுதின கட்டுரையை நான்தானே ஒப்புநோக்கினனான். ஒரு பிழையும் இருக்கேல்லை" என்றார்.

அவர் உண்ட மாத்திரைகளுக்கு அவர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்காலத்திலேயே தேடி அறிந்தேன். 1995 முதல் 1999 வரை, உலக சுகாதார நிறுவனத்தினூடாக நாடுகளுக்குச் சென்ற கூட்டு மருந்துகளுக்காக ஜப்பானின் நிப்பொன் மன்றம் ஆண்டுக்கு 10 மில்லியன் டொலர் வீதம் 50 மில்லியன் டொலர் கொடுத்தது. அந்த மன்றத்தின் வருமானம் மோட்டார்ப் படகுப் பந்தயச் சூதாட்டத்திலிருந்து வருவது. அதனை 1962இல் நிறுவிய றியோச்சி சசகாவா, போர்க் குற்றச் சந்தேகத்தின் பேரில் மூன்று ஆண்டுகள் சுகாமோ சிறையில் இருந்து, 1948இல் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர். கொடையின் ஊற்றைத் தோண்டிப் பார்ப்பது பத்திரிகையாளனின் தொழில். அதனைத் தோண்டியபோது எனக்குக் கிடைத்தது இதுதான். இப்பணத்தைப் புண்ணியம் என்று போற்றவும் இயலவில்லை. அண்ணையின் கையை நினைத்தால் பழிக்கவும் இயலவில்லை.

ஆனால் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னர் அதனை எவரேனும் கண்டுபிடித்திருக்க வேண்டும் அல்லவா? 1873இல் நோர்வேயின் பேர்கன் நகரில் ஆர்மர் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அக்கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. 1960இல்தான் அமெரிக்கரான செப்பர்ட் எலியின் பாதத்தில் அதனைப் பெருகச் செய்தார். அண்ணை உண்ட மருந்துகளுள் ஒன்று குளோபசிமின். 1950களில் டப்ளினில் வின்சன்ற் பரியின் குழுவினர் அதனை உருவாக்கியது காசநோய்க்காக. அந்த நோக்கம் அன்று கைகூடவில்லை. 1962இல் நைஜீரியாவில் தொழுநோயாளரிடையே அது பயன் தருவது தெரியவந்தது. தோல்வி என்று ஒதுக்கியிருந்தால் இம்மருந்து இல்லை.

ஆராய்ச்சிக்கு நன்கொடை திரட்டுவது ஏன் கடினம் என்பதை இக்கதை விளக்குகிறது. கட்டில் கொடுத்தவர் கட்டிலைக் காணலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்தவர் காண்பது என்ன? பல ஆண்டு காத்திருப்பு, பெரும்பாலும் தோல்வி. அதனைப் படம் பிடித்து அனுப்ப முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. அது வெற்றியால் வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளர் என்ற அளவை 1990களின் நடுப்பகுதியில் இலங்கை எட்டியது. 2000ஆம் ஆண்டில் உலகமும் எட்டியது. நோய் 'ஒழிந்தது' என்று நாங்கள் தலைப்பிட்டோம். அளவுகோலை விளக்கியவர்கள் எங்களுள் எத்தனை பேர்? ஆர்வம் குறைந்தது, ஆய்வுக்கான பணமும் சுருங்கியது. ஆனால் 2023இல் உலகில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான புதிய நோயாளர் பதிவாகினர். இலங்கையிலும் கோவிட் காலத்துக்கு முந்திய ஆண்டுகளில் 1,500 முதல் 2,000 வரையானோர் புதிதாகக் கண்டறியப்பட்டு வந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் சிறுவர்.

இந்நிலையிலும் சில கொடைகள் பலன் தந்துள்ளன. நோயாளரோடு நெருங்கிப் பழகுவோருக்கு றிபாம்பிசின் மருந்தை ஒரேயொரு தடவை கொடுத்தால் என்னவாகும் என்ற கேள்வியோடு பங்களாதேஷின் வடமேற்கில் ஓர் ஆய்வு நடந்தது. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிற் சேர்க்கப்பட்டனர். முதல் இரண்டு ஆண்டுகளில் புதிய நோயாளர் தொகை ஏறத்தாழ 57 வீதம் குறைந்ததாக 2008இல் முடிவு வெளியாயிற்று. பணம் கொடுத்தவை தொழுநோய்த் தொண்டு அமைப்புக்கள். பின்னர் நொவார்ட்டிஸ் மன்றத்தின் உதவியோடு இலங்கை உட்பட ஏழு நாடுகளில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதனைத் தன் வழிகாட்டலிற் சேர்த்துக்கொண்டது.

எஞ்சியிருக்கும் கேள்விகளோ பெரியவை. நோய் உடலுக்குள் ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் மறைந்திருக்கக்கூடியது. அறிகுறி தோன்றுமுன் தொற்றைக் காட்டும் நம்பகமான எளிய பரிசோதனை இன்னும் இல்லை. சேதமுற்ற நரம்பை மீட்கும் மருந்தும் இல்லை. இவ்விரண்டில் ஒன்று அன்று இருந்திருந்தாலும் அண்ணையின் விரல்கள் நிமிர்ந்திருக்கும்.

புலம்பெயர்ந்த எம்மவர்கள் பழைய மாணவர் சங்கங்களாகவும் ஊர்ச் சங்கங்களாகவும் கூடி வைத்தியசாலைகளுக்குச் செய்துவரும் உதவிகளை நான் அறிவேன். அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கட்டில் இல்லாத விடுதிக்குக் கட்டில் வேண்டும். ஆனால் நூறு டொலர் திரட்டும்போது அதில் ஐந்தை, இன்னும் விடை தெரியாத ஒரு கேள்விக்காக ஒதுக்க இயலாதா? எங்கள் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் அக்கேள்விகளைச் சுமந்து திரியும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொடைக்குப் படம் இராது. படமில்லாத செய்தியையும் பிரசுரிக்கும் பொறுப்பு எங்களுடையது.

தனிக் கோப்பையைக் கைவிட வைக்கும் மருந்தை எந்த ஆய்வுகூடமும் தராது. அதற்கு நன்கொடையும் தேவையில்லை. அதனை நான் மிகவும் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.