பெரியவன் உட்காரும் இடம்

இரண்டாவது குழந்தை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, யாரிடமும் சொல்லாத ஒரு பயம் எனக்குள் இருந்தது. பிரசவத்தைப் பற்றிய பயம் இல்லை. கணவர் விடியும் முன்பே ஜூரோங்கில் வேலைக்குக் கிளம்பிவிடுவார். தஞ்சாவூரிலிருந்து வரப்போகிற அம்மா சில மாதங்கள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார். அதன்பிறகு சிங்கப்பூர்த் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு நான் தனியாக நிற்க வேண்டும். மூத்தவனுக்கு அப்போது இரண்டேகால் வயது. கையை உதறிவிட்டு ஓடுகிற வயது. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் என்னால் ஓட முடியாது.

கேட்டவர்களிடம் தள்ளுவண்டியின் விலையையும் சக்கரத்தையும் பற்றிப் பேசினேன். அவனை எங்காவது வாரால் கட்டி உட்கார வைத்துவிட்டால் போதும் என்பதுதான் மனதுக்குள் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைப்பதைச் சொல்லக் கூசியது. இப்போது சொல்கிறேன். எனக்கு எந்த வண்டி வேண்டும் என்பதைக் கடைசியில் காட்டித் தந்தது அந்தப் பயம்தான்.

ஒற்றை இருக்கையோடு வாங்கி, அடுத்த பிள்ளை பிறந்ததும் இன்னோர் இருக்கையை மாட்டிக்கொள்ளும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அகலமாக விரியும். பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். மற்றதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அகல வகையில் பேர்பெற்ற புகாபூ டாங்கி ஒற்றையாக இருக்கும்போது 60 செ.மீ., இரட்டையாக விரித்தால் 74 செ.மீ. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் புளோக் மின்தூக்கியின் கதவையும் வீட்டு இரும்புக் கதவையும் அளந்தேன். மின்தூக்கிக்குள் நுழைந்துவிடும். எங்கள் வீட்டு வாசலில் திருப்ப இடமில்லை, எதிரே பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு அலமாரி இருக்கிறது. அந்த வகை அங்கேயே கழிந்தது.

மேல்-கீழ் வகையைப் பற்றி விசாரித்தபோது எல்லாரும் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியே பேசினார்கள். பச்சைக் குழந்தைக்கு வேண்டியது எளிமையானது. தானாக உட்காரும்வரை, ஏறக்குறைய ஆறு மாதம், தட்டையாகப் படுக்க ஒரு தொட்டில் பெட்டி. காரில் மாட்டும் இருக்கையை எடுத்து வண்டியில் பொருத்தும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது பயணத்துக்கு உரியது, மணிக்கணக்கில் தூங்கவைக்க ஏற்றது அல்ல. நல்ல வண்டி எதிலும் படுக்கும் வசதி இருக்கிறது. சிக்கல் மூத்த பிள்ளையிடம்தான் இருந்தது.

சேர்த்து மாட்டும் இரண்டாவது இருக்கை பல மாதிரிகளில் முதல் இருக்கையைவிடச் சிறியது. பெரிய இருக்கை 22 கிலோ வரை தாங்கும் என்றால் சிறியது 15 அல்லது 16 கிலோவோடு நின்றுவிடும். விளம்பரப் படங்களில் சின்னக் குழந்தை மேலே அம்மாவைப் பார்த்துப் படுத்திருக்கும், பெரிய குழந்தை கீழே சின்ன இருக்கையில் சிரித்துக்கொண்டிருக்கும். மூத்தவன் அப்போதே 13 கிலோ. கீழே உட்கார வைத்தால் ஒரு வருடத்துக்குள் வரம்பைத் தொட்டுவிடுவான். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் போட்டுக் காட்டவில்லை. வீட்டில் ஒரு நாள்காட்டியின் பின்புறத்தில் நானே போட்டேன்.

அவனையும் ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அரிசியைத் தொட்டில் பெட்டியில் வைத்து, அவனைக் கீழ் இருக்கையில் உட்கார வைத்தேன். தள்ளத் தொடங்கியதும் அவன் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எட்டிப் பார்த்தான். என்ன தேடுகிறான் என்று முதலில் புரியவில்லை. அவன் கண்ணுக்கு நேரே தொட்டிலின் அடிப்பாகம் கூரைபோல் கவிந்திருந்தது, நான் தெரியவில்லை. கால்கள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கின. "அம்மா எங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டான். பிறகு வாரை இழுக்க ஆரம்பித்தான்.

விற்பனைப் பெண்ணிடம் மாற்றிப் பொருத்தச் சொன்னோம். எல்லா மாதிரியிலும் அது முடியாது. சிலவற்றில்தான் தொட்டில் பெட்டியைக் கீழே வைத்துப் பெரிய இருக்கையை மேலே மாட்டலாம். மேலே, என் முகம் பார்க்கும்படி உட்கார்ந்ததும் அவன் அமைதியாகிவிட்டான். கடையில் இருந்த மின்விசிறிகளை எண்ணிக் காட்டினான். நான் பயந்தேனே, கட்டிப்போட வேண்டும் என்று, அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது என் முகம் மட்டும்தான். கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கர்ப்பத்தில் எதற்கெடுத்தாலும் வருகிற அழுகை என்று அவர் நினைத்திருப்பார்.

அந்த அமைப்பில் எடைக் கணக்கும் சரியாக வந்தது. பெரியவன் பெரிய இருக்கையில். சின்னது தொட்டிலிலிருந்து எழுந்து உட்காரும்போது கீழே சின்ன இருக்கையை மாட்டலாம். 15 கிலோவை எட்ட அதற்குப் பல வருடங்கள் ஆகும். சட்டகத்தையும் பெரிய இருக்கையையும் தொட்டிலையும் புதிதாக வாங்கினோம். சின்ன இருக்கையைப் பிறகு பழைய பொருளாக, மிகக் குறைந்த விலைக்கு வாங்கினோம். முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். அவசரமே இல்லை.

விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது எடையில்தான். பிள்ளைகள் இல்லாமலே இந்த வண்டிகள் 12, 13 கிலோ வரும். முன்பு எங்களிடம் இருந்தது இதற்கு நேர்மாறு. பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர், 1965இல் குடைபோல் மடங்கும் வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். அலுமினியக் குழாய்களால் ஆன அது மூன்று கிலோகூட இல்லை. மூத்தவனுக்கு நாங்கள் வைத்திருந்தது அந்த வம்சத்து வண்டிதான். ஒரு கையால் மடக்கித் தோளில் மாட்டிக்கொள்வேன். அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்பதால் பெரிய வண்டி சாத்தியமானது. பழைய புளோக்குகளில் முன்பு சில மாடிகளில் மட்டுமே நின்றது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இன்றும் படியேற வேண்டிய வீட்டில் இருப்பவருக்கு இந்த வகை வண்டியை நான் சொல்லவே மாட்டேன்.

அம்மா ஊருக்குப் போன மறுவாரம் தனியாக வெளியே கிளம்பினேன். பேருந்தில் 2017 முதல் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்த வேண்டும், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இடம் அவருக்கு. வண்டியை மடக்கும் நிலை வந்தால் இரண்டு பிள்ளைகளையும் எங்கே வைப்பது? அதனால் கூட்ட நேரத்தில் பேருந்தைத் தவிர்த்து, மின்தூக்கி உள்ள எம்ஆர்டி ரயில் வழியாகவே போனேன். சின்னப் படிமேடு வந்தால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். கனமான பிள்ளை பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தால் அது லேசாக எழும்பும். முன்னால் இருந்தால் மணிக்கட்டு வலிக்கும். கைப்பிடியில் காய்கறிப் பை தொங்கும்போது பெரியவனை விட்டுவிட்டுச் சின்னதை மட்டும் தூக்கினால் வண்டி பின்னால் சாயும். பையை முதலில் கழற்று, பிரேக்கைப் போடு, பிறகு பிள்ளையைத் தொடு என்று எனக்கு நானே ஒரு வரிசை வைத்துக்கொண்டேன்.

தேக்கா சந்தைக்குப் போவதுதான் கடினம். சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்று சொன்னது. ஐந்தடி வழி என்று அழைக்கப்படும் அந்த நடைவழிதான் இன்றும் சிராங்கூன் சாலையில் வெயிலிலும் மழையிலும் நம்மைக் காக்கிறது. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், இடையில் பூமாலையும் காய்கறிக் கூடையும் நிற்கும். அங்கே போகும் நாளில் சின்னதை மார்போடு கட்டிக்கொண்டு, பெரியவனைப் பழைய குடை வண்டியில் தள்ளினேன். ஒரே வண்டி எல்லா நாளுக்கும் உதவ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருப்பது நல்லது.

மூன்றரை வயதில் அவனுக்கு உட்காரவே பிடிக்கவில்லை. பின்னால் ஒரு நிற்கும் பலகையை மாட்டினோம். என் கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எதிரே மேல் இருக்கையில் இருந்த தங்கையிடம் பேசிக்கொண்டே வருவான். கீழ் இருக்கை சும்மா கிடந்தது. விற்பதாகத் தெரிந்தவர்களிடம் சொன்னேன்.

கீழ்மாடியில் இருக்கும் பெண் கேட்டு வந்தாள். ஆறு மாத கர்ப்பம். "அக்கா, பெரியவளைக் கீழ வச்சுக்கிட்டா பாப்பாவ மேல போட்டுக்கலாம்ல?" என்றாள். மகளுக்கு நான்கு வயது நெருங்கிவிட்டது. எடையைக் கேட்டேன். 16 கிலோ. நான் விற்கவில்லை. நிற்கும் பலகையைக் கழற்றிக் கொடுத்து, உன் வண்டிச் சட்டகத்தில் மாட்ட முடிகிறதா பார், ஒரு வாரம் மகளை நிற்க வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன்.