மாமி திரும்ப நடப்பாவா?

கில்லன் பாரே நோயில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது. கால்கள் முதலில் சோரும். சிலருக்கு அந்தப் பலவீனம் மூச்சு வரை ஏறும்.

கொட்டாஞ்சேனை மாமிக்கு அது வந்தபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “மாமி திரும்ப நடப்பாவா?”

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் விடை தேடினேன். நெதர்லாந்து வைத்தியர்கள் 2007இல் ஒரு புள்ளிமுறையை வெளியிட்டிருக்கிறார்கள். வயது, முன்னர் வயிற்றோட்டம் இருந்ததா, இரண்டாம் வாரத்தில் நோயின் கடுமை ஆகிய மூன்றையும் வைத்து, ஆறு மாதத்தில் துணையின்றி நடக்கும் வாய்ப்பை அது கணிக்கிறது. 2010இல் வந்த இன்னொரு முறை, முதல் வாரத்தில் சுவாச இயந்திரம் தேவைப்படுமா என்று கணிக்கிறது. ஆபத்துள்ளவரை முன்கூட்டியே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கவனிக்க இது உதவும்.

ஆனால் புள்ளிகள் பலரைப் பார்த்துப் போட்ட கணக்கு. மாமி ஒருவரின் முடிவை அவை எழுதிவிடுவதில்லை. இம்யூனோகுளோபுலின் மருந்து ஏறியது. வெள்ளவத்தையிலிருந்து உம்மா பின்னேரங்களில் போய், பிசியோதெரபி மிஸ் காட்டியபடி மாமியின் கால்களை மடக்கி நீட்டிவிட்டா. துஆவும் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மாமி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறா.

கால் திடீரெனச் சோர்ந்தால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று இருந்துவிடாதீர்கள். இந்நோயில் நாட்களுக்கும் கணக்குண்டு.