விழும் இடம்

மலையாட்டு வேட்டைக்கு எந்தத் தோட்டா உகந்தது என்னும் பேச்சு எங்களிடையே எப்போதும் எண்களில்தான் தொடங்கும். 1906இல் வந்த .30-06 போதும் என்பார் ஒருவர்; 1925இல் வந்த .270 வின்செஸ்டரில் உதை குறைவு என்பார் இன்னொருவர், தொலைவுக்கு 1963இன்.300 வின்செஸ்டர் மேக்னமே என்பார் மூன்றாமவர். மூன்றும் கொல்லும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் செங்குத்துப் பாறைகளில் ஆடு எங்கே விழும் என்பதே கேள்வி.

தடித்த எலும்பும் அடங்காத உயிர்ப்பிடிப்பும் கொண்ட விலங்கு அது. நுரையீரலில் குண்டு பாய்ந்த பின்னும் சில அடி நடந்து விளிம்பைக் கடந்துவிடும். பள்ளத்தில் எஞ்சுவது சிதைந்த இறைச்சியும் உடைந்த கொம்புமே. அதையும் சில வேளை எட்ட முடியாது. தோளெலும்பு முறிந்தால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சாயும். ஆகவே எலும்பில் பட்டுச் சிதறும் மெல்லுறை ஈயக்குண்டை விலக்கி, எடை குன்றாமல் ஊடுருவும் 165 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டைத் தேர்ந்தோம். துப்பாக்கி, தோளுக்குப் பழகிய.30-06.

குண்டு தீர்க்காத கேள்வியும் உண்டு. கிடா, பெட்டை இரண்டுக்கும் கொம்புண்டு. பெட்டை பெரும்பாலும் நான்கைந்து வயதில்தான் முதற்குட்டி ஈனும். எனவே தொலைநோக்கியில் கிடாவென்று தெளிந்து, அதன் காலடியில் சமநிலமும் தென்பட்ட பிறகே சுடுவதென முடிவுசெய்தோம். அதுவரை தோட்டா பையிலேயே இருக்கும்.