திரும்பி ஏறுவதற்கும் மூச்சு வேண்டும்

நம்மூர் மலைக்கோயில்களுக்கு ஒரு நியாயம் உண்டு. வெள்ளியங்கிரியானாலும் சதுரகிரியானாலும் கஷ்டம் முதலில், தரிசனம் பிறகு. முடியாதவர் பாதியிலேயே உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இந்த நியாயம் தலைகீழ். பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. தெம்பாக இருக்கும்போது இறக்கம். களைத்த பிறகு ஏற்றம்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பிலிருந்து ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்கு இறங்கினோம். நார்த் கைபாப் பாதை 8,241 அடி உயரத்தில் தொடங்குகிறது. அங்கே ஆஸ்பென் மரங்களும் ஸ்வெட்டர் கேட்கும் குளிரும். பாறையைக் குடைந்த சூபாய் சுரங்கத்தைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகி, சுவர்கள் சிவந்து, வெயில் உறைக்கிறது. ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம். கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அவற்றுக்குத்தான் அங்கே முதல் மரியாதை.

ஏழரை கிலோமீட்டரில் சுமார் 3,000 அடி இறங்கியதும், எங்கும் வறண்ட பாறையாக இருக்கும் இடத்தில் தண்ணீரின் இரைச்சல் கேட்கிறது. செங்குத்துப் பாறையின் நடுவிலிருந்து ஊற்று பீறிட்டு, பாசிமேல் அருவியாக விழுகிறது. மேலே பீடபூமியில் பெய்யும் பனியும் மழையும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நீர் புகாத அடுக்கில் தட்டி, பக்கவாட்டில் வெளியேறுகின்றன. மேலுள்ள குழிகளில் சாயம் கரைத்துவிட்டு, அது எந்த ஊற்றில் வருகிறது என்று பார்த்தே இந்த வழியை ஆராய்ந்தார்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு வரும் கூட்டம் முழுக்கக் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான். 1960களில் போட்ட இருபது கிலோமீட்டர் குழாய் அதைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கொண்டுபோகிறது. 2024இல் அது உடைந்தபோது தெற்கு விளிம்பு விடுதிகளில் யாரும் இரவு தங்க முடியாமல் போயிற்று.

அருவியடியில் எல்லோரும் ஜெயித்த முகத்தோடு நிற்கிறார்கள். பாதி வழிதான் முடிந்திருக்கிறது என்பது பலர் முகத்தில் இல்லை. இறங்குவது உங்கள் இஷ்டம், ஏறுவது கட்டாயம் என்று பூங்காக் காவலர்கள் சொல்வார்கள். அவர்கள் கணக்குப்படி, இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனாலும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளைச் சாய்த்துவிடும், உப்பான தீனியும் வேண்டும் என்கிறார்கள். எங்கள் புளிசாதத்துக்கும் ஊறுகாய்க்கும் அன்று வந்த மவுசே தனி.

ஏறுவதற்கும் தெம்பு மிச்சம் வைக்கும் இந்தக் கணக்கை என் தலைமுறை வாழ்க்கையில் போடவே இல்லை. சம்பாதித்த காலத்தில் சறுக்கலில் போவதுபோல் போனோம். வீடு, கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு என்று கையிலிருந்ததை எல்லாம் ஊற்றினோம். ஓய்வு பெற்ற நாளில் ஊரே மாலை போட்டது. முட்டிவலியும் மருந்துச் செலவும் தனிமையும் அதற்கப்புறம்தான் வந்தன. பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வைப்பு நிதி முழுவதையும் மகளின் கல்யாணத்தில் கரைத்துவிட்டு, மாத்திரைக்கு மருமகனிடம் கைநீட்டும் நண்பர்களைப் பார்க்கிறேன். அதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் பிழை என்றே சொல்வேன்.

ரோரிங் ஸ்பிரிங்ஸுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் மின்னலால் மூண்ட தீ வடக்கு விளிம்பைச் சூறையாடி, அங்கிருந்த பழைய விடுதியையும் அழித்தது. ஆகவே பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். காலை ஏழு மணிக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போகும் பிள்ளைகளே, அவர்கள் சூபாய் சுரங்கத்தோடு போதும் என்றால் வற்புறுத்தாதீர்கள்.