விருதுநகரில் வாடகை மோட்டார்

இத்தாலி தேசத்தில் குன்றுகளின் உச்சியில் சின்னஞ்சிறு ஊர்கள் பல இருக்கின்றன. ஆர்வியட்டோ, சான் ஜிமிஞானோ என்று அவற்றின் பெயர்களே சங்கீதம் போல் ஒலிக்கும். அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரிய பட்டணம் ஒன்றில் காரை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறும் சாலையில் போவது வெகு உல்லாசமான காரியந்தான். ஆனால் அந்த உல்லாசம் ஊர் மதிலோடு சரி! பழைய ஊருக்குள் வெளியூர் வண்டிகள் நுழையக் கூடாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. தெரியாமல் நுழைந்துவிட்டால் அங்கே போலீஸ்காரர் யாரும் கையை நீட்டித் தடுக்க மாட்டார். கம்பத்தின் மேலிருக்கும் காமிரா ஒன்று சத்தமில்லாமல் வண்டியின் நம்பரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரயாணி ஊர் திரும்பி, பிரயாணத்தையே மறந்து போன சமயத்தில், அபராதச் சீட்டு வீடு தேடி வந்து சேரும்.

நம்முடைய தென்பாண்டிச் சீமையில் வாடகைக் கார் எடுப்பது வேறு விதமான அநுபவம். இங்கே பெரும்பாலும் காரோடு டிரைவரும் வருகிறார். டிரைவர் இல்லாமல் காரை வாடகைக்கு விடுவதற்கென்று 1989-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தார்கள். குறைந்தது 50 வண்டிகளாவது வைத்திருப்பவருக்குத்தான் லைசென்ஸ் என்று அதில் கண்டிருந்தது. விருதுநகர் போன்ற ஊரில் ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அது எட்டாக் கனி. ஆகவே இங்கே வாடகை பேசும்போது காரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அதை ஓட்டப் போகும் மனிதருடைய ஒரு நாள் பொழுதையும் சேர்த்தே நாம் பேசுகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். கந்தக பூமியில் சுற்றப் போகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் விருதுநகர் இருக்கிறது. 1923-ஆம் வருஷம் வரை இதன் பெயர் விருதுபட்டி. மானாமதுரைக்கும் தென்காசிக்கும் ரயில் பிரியும் ஜங்ஷன் இது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் வறண்ட பூமி. ஆனால் மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு இந்த ஊர்ச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொண்டுதான் பல ஜில்லாக்களில் கடை திறப்பார்கள். தன் மண்ணில் அதிகமாக விளையாத சரக்குக்கெல்லாம் விலை சொல்லும் சாமர்த்தியத்தை இவ்வூர் வியாபாரிகளிடம் பார்க்கலாம்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவற்றைப் பார்க்கக் காரே வேண்டாம். நடந்து போவதுதான் நல்லது. 1903-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி பிறந்த காமராஜர் வளர்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. ஒன்பது வருஷ காலம் ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவருடைய வீடா இது என்று பார்க்கிறவர்கள் மலைத்து நிற்பார்கள். அவ்வளவு சிறிய வீடு! அவருடைய அன்னை சிவகாமி அம்மையாரின் சௌகரியத்துக்காக வீட்டுக்குள் போட்ட தண்ணீர்க் குழாயை அவர் அகற்றச் சொல்லிவிட்டார் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். குடிநீருக்காகத் தெருவே காத்து நிற்கும் ஊரில் அந்தக் காரியத்தின் அருமை எல்லாருக்கும் தெரியும். தேசபந்து மைதானத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். சென்னை ராஜ்யத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி 1956-இல் உண்ணாவிரதம் இருந்தார் தியாகி சங்கரலிங்கனார். அவ்வருஷம் அக்டோபர் 13-ஆம் தேதி அவர் உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதிதான் வந்தது.

இனி வண்டிக்கு வருவோம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப வேண்டுமானால் பஸ்ஸிலும் ரயிலிலும் முடியாது என்றில்லை. ஆயினும் குழந்தைகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் கார்தான் உசிதம். வாடகை பேசும்போது சில விஷயங்களை வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா? கிலோமீட்டர் கணக்கானால் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குப் பணம் என்ற நிபந்தனை உண்டா? வண்டி நம் வாசலுக்கு வந்ததிலிருந்து கணக்கா, ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே கணக்கா? சுங்கச் சாவடிக் கட்டணம் யாருடையது? டிரைவருக்குப் பேட்டா எவ்வளவு? காலையில் கேட்கக் கூச்சப்பட்ட ஐந்து கேள்விகளும் இராத்திரி வாசற்படியில் ஐந்து சண்டைகளாக மாறும் என்பதில் ஐயமில்லை.

ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. அதை வாயால் கேட்க வேண்டியதில்லை. வண்டியின் நம்பர்ப் பலகையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கென்று பெர்மிட் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது ஒருவருடைய சொந்த உபயோகத்துக்கான கார். சொந்தக் காரைக் கூலிக்கு விடுவதை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கவில்லை. "தெரிந்தவர் வண்டிதான், வாடகையும் குறைவு" என்று யாராவது சொன்னால் மனம் சற்றுச் சபலப்படத்தான் செய்யும். ஆனால் வழியில் விபத்து நேர்ந்தால், "வாடகைக்கு ஓட்டினீர்கள் அல்லவா?" என்று கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட இடமுண்டு. மிச்சப்படுத்திய இருநூறு முந்நூறு ரூபாய் அப்போது எந்த மூலைக்குக் காணும்?

விருதுநகரை விட்டுச் சிவகாசிச் சாலையில் திரும்பினால், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரமும் கரிசல் காடும் சீமைக் கருவேலமும் பனை மரங்களுமாகக் காட்சி அளிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே வெள்ளாமை. மழை பொய்த்தால் மண்ணுக்கு வேலையில்லை; மனிதர்களுக்கோ வயிறு இருக்கிறது. அந்த வயிற்றுக்கு வழி தேடிய கதையே சிவகாசியின் கதை.

சிவகாசிக்குச் சற்று முன்னால் திருத்தங்கல் வருகிறது. 2021-இல் சிவகாசி மாநகராட்சியானபோது இதுவும் அதனுடன் சேர்ந்துவிட்டது. ஆனாலும் இது மிகப் புராதனமான ஊர். குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் இதுவும் ஒன்று. சிலப்பதிகாரத்தில் இந்த ஊரைப் பற்றி ஒரு வரலாறு வருகிறது. குற்றமற்ற வார்த்திகன் என்ற அந்தணனைப் பாண்டியனுடைய அதிகாரிகள் சிறையில் அடைத்தார்கள். உடனே துர்க்கையின் கோயில் கதவு தானே அடைத்துக்கொண்டதாம். உண்மையை விசாரித்து அறிந்த மன்னன் மன்னிப்புக் கேட்டு, இந்தத் தங்கால் ஊரையே அவனுக்கு மானியமாக வழங்கினான். இத்தாலியின் குன்றூர்களைப் போலவே இங்கும் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் படியேற வேண்டும். அபராதச் சீட்டுப் பயம் மட்டும் இல்லை!

இந்தச் சீமையில் விளைச்சல் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டும் என்று எண்ணிய ஐயநாடார், சண்முக நாடார் ஆகிய இருவர், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ஆம் வருஷத்தில் சிவகாசிக்குத் திரும்பினார்கள். ஸ்வீடன் தீக்குச்சியும் ஜப்பான் தீக்குச்சியும் நம் தேசத்து அடுப்புகளைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த காலம் அது. முதலில் ஜெர்மனியிலிருந்து யந்திரங்களை வரவழைத்துப் பார்த்தார்கள். பிறகு, வேலையில்லாத கைகள் ஊரில் ஏராளமாக இருக்கும்போது யந்திரம் எதற்கு என்று கைத்தொழிலாகவே அதை நடத்தினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்தது. அதற்காக அச்சுக்கூடங்கள் வந்தன. அச்சுக்கூடங்களிலிருந்து காலண்டர்கள் பிறந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றதும் அந்தத் தொழிலும் இங்கே வேரூன்றிவிட்டது. வெயிலும் வறட்சியும் உழவனுக்குப் பகை. தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்துகிறவனுக்கு அவையே துணை. இந்த ஊரைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாகச் சொல்லிச் சிவகாசிக்காரர்கள் பெருமை கொள்வதில் நியாயம் இருக்கிறது.

பெருமையைச் சொல்லும்போது வேதனையையும் மறைக்கலாகாது. இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் பிஞ்சுக் கைகளும் உழைத்தன. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் குழந்தைத் தொழிலுக்கு எதிரான பிரசித்தி பெற்ற தீர்ப்பை வழங்கியது. விபத்துக்களோ இன்னமும் ஓயவில்லை. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். முதல் புகையைக் கண்டு, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. பட்டாசு ஆலைகளில் சிறு சிறு அறைகளை ஒன்றுக்கொன்று எட்டக் கட்டி, ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்திருப்பது இத்தகைய ஆபத்துக்காகத்தான். ஐந்தாவது ஆளாக நாம் எட்டிப் பார்க்க ஆசைப்படுவது தகாது.

வாடகைக் காரோடு வரும் மனிதரின் அருமை இங்கேதான் தெரிகிறது. உள்ளூர் டிரைவர் எந்த வாசலில் வண்டியை நிறுத்தலாம், எங்கே நிறுத்தாமல் போக வேண்டும் என்று அறிவார். தூரத்தில் புகை எழுந்தால் அவர் வேடிக்கை பார்க்க நிற்க மாட்டார்.

சிவகாசிக் கடைத்தெருவில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினரைக் கண்டோம். பெரியவர் இரண்டு பெரிய பெட்டிகள் நிறையப் பட்டாசு வாங்கிக் காரின் டிக்கியில் ஏற்றச் சொன்னார். டிரைவர் இளைஞர்; டிக்கியைத் திறக்காமலே நின்றார்.

"அண்ணாச்சி, துணிமணி வைங்க, பால்கோவா வைங்க, வெடியை மட்டும் வேண்டாம். இந்த வெயில்லே வண்டி அடுப்பு மாதிரி கொதிக்குது. உள்ளே சின்னப் பிள்ளைக வேற இருக்கு" என்றார்.

"இரண்டு பெட்டிதானே, தம்பி? கூட வேண்டுமானால் ஏதாவது தருகிறேன்" என்றார் பெரியவர்.

"காசுக்குச் சொல்லலை, அண்ணாச்சி. எங்க சித்தி மருந்து அறையிலேதான் வேலை பாக்குது. கடைக்காரர்கிட்டச் சொன்னா லாரியிலே போட்டுவிடுவாரு. உங்க ஊருக்கே வந்து சேந்திரும்."

பெரியவர் ஒரு நிமிஷம் அந்த இளைஞரைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைக் கடைக்குள் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். மேலே ஒன்றும் பேசவில்லை.

ரயிலில் எடுத்துப் போகலாமே என்று சிலர் நினைக்கலாம். அது இதைவிடப் பிசகு. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி அது குற்றம். மூன்று வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கக்கூடும்.

சிவகாசியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். கரிசல் மறைந்து, மேற்குத் தொடர்ச்சி மலை நீல நிறத்தில் எழுந்து நிற்கும். பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆடிப்பூரத்தின்போது இங்கே ஆண்டாளின் தேருக்குத்தான் ராஜபாட்டை. நம் மோட்டார் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். சதுரகிரி போக விரும்புகிறவர்களுக்கும் தாணிப்பாறை வரையில்தான் கார். அப்பால் கால்களே வாகனம். திரும்பும் வழியில் சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டு, விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு நாளை முடிக்கலாம்.

அப்படி முடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் கோயிலில் நின்ற நேரமெல்லாம் டிரைவர் வெயிலில் நின்றிருக்கிறார். நாம் பின் ஆசனத்தில் கண்ணயர்ந்த நேரமெல்லாம் அவர் விழித்திருக்கிறார். வேளைக்கு அவர் சாப்பிட்டாரா என்று கேட்பதும், இராத்திரி பிரயாணத்தைத் தவிர்ப்பதும், பேசிய பேட்டாவை முகம் சுளிக்காமல் கொடுப்பதும் தர்மம் மட்டுமல்ல. நம் குடும்பத்தின் க்ஷேமத்துக்கும் அதுதான் வழி. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவரைவிட ஆபத்தான வெடிமருந்து சிவகாசியிலும் கிடையாது.

வருகிற தீபாவளிக்கு முன்னால் இந்தப் பக்கம் போய்வர நினைக்கும் குடும்பத்தினர் அவசியம் போய் வாருங்கள். மஞ்சள் பலகையைப் பார்த்து வண்டி ஏறுங்கள். திருத்தங்கலில் இறங்கிப் படியேறுங்கள். லைசென்ஸ் உள்ள கடையில் பட்டாசு வாங்கி லாரியில் அனுப்பிவிட்டு வாருங்கள். பண்டிகையன்று மத்தாப்பைக் கொளுத்தும் குழந்தை, "இதை யார் அப்பா செய்தது?" என்று கேட்டால், அந்த ஊரையும் அந்த மனிதர்களையும் கண்ணால் கண்டவர்களாகப் பதில் சொல்லலாம்.