கொடியேற்றத்தில் ஒரு பாய்க்கடை

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஜமாதுல் ஆகிர் பிறையோடு கொடி ஏறும். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரால் பன்னிரண்டு நாட்கள் நடக்கும் இந்தக் கொடியேற்றத்துக்குக் கரைவாகு முழுவதும் திரண்டு வரும். மணலில் கச்சான், தொதல், மஸ்கட், வளையல், விளையாட்டுச் சாமான் என்று கடைகள் நிறையும். சிறுவயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைகளைப் பார்த்தவள் நான். சென்ற கொடியேற்றத்தில்தான் முதல் தடவையாகக் கடைக்காரியாக உட்கார்ந்தேன்.

என்னோடு இருவர். இருவரும் பன்பாய் இழைப்பவர்கள். லாத்தாவின் கணவர் 1990இல் வயலுக்குப் போய் மையித்தாகத் திரும்பியவர். பாண்டிருப்பு அக்காவின் கணவரை அதே வருடம் கூட்டிப்போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. அக்காவின் வீட்டிலிருந்து இந்தக் கடற்கரை நடந்து வரும் தூரம்தான். ஆனால் 1990க்குப் பிறகு அவர் இங்கு வந்ததில்லை.

பன்னை அறுத்து, காயவைத்து, சாயம் காய்ச்சி, ஒரு படுக்கைப் பாய் இழைத்து முடிக்க நான்கைந்து நாட்கள் குனிந்திருக்க வேண்டும். வியாபாரி வாசலுக்கு வந்து 900 ரூபாய் தருவார். அதே பாயைக் கடையில் 1,800க்குக் கண்டிருக்கிறேன். ஒலுவிலில் சமூகவியல் படித்த தைரியத்தில் நான் கொப்பியை எடுத்து விலை போட்டேன். பன், சாயம், பஸ் காசு எல்லாம் எழுதி, நாட்கூலியையும் சேர்த்தபோது தொகை ஐயாயிரத்தைத் தாண்டியது. யார் வாங்குவார்? கூலியை அடித்துவிட்டு 1,700 என்று எழுதினேன். அடிக்கும்போது கை கூசியது. வியாபாரியும் இதைத்தானே செய்கிறார்!

லாத்தாவின் மருமகன் ஒருவர், பொம்பிளையள் கடை போட்டு இருப்பதா, அதுவும் கொடியேற்றத்திலா என்று சண்டைக்கு வந்தார். கொடியேற்றம் கூடுமா கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். ஆனால் கிழமைக்கு 2,450 ரூபாய் கடன் தவணை கட்டக் கூடுமா கூடாதா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

இருபது பாய்களோடு போனோம். பிறைக் கணக்கில் கொடியேற்றம் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகரும். 2009, 2010இல் மே மாதத்தில், நல்ல வெயிலில் வந்தது. இப்போது மாரிக்குள் வருகிறது. பாய்க்காரிக்கு மழையைவிட வேறு எதிரி இல்லை.

முதல் நாள் அஸர் வரை ஒரு பாய்தான் போனது. நான் எல்லாப் பாயையும் சுருட்டி வரிசையாக நிறுத்தி, விலை அட்டை தொங்கவிட்டிருந்தேன். பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். லாத்தா பொறுக்க முடியாமல், நல்ல சிவப்புப் பாய் ஒன்றை மணலில் விரித்தார். பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த ஒரு தாயைப் பார்த்து, "இரி புள்ள, கால் ஆறட்டும்" என்றார். அவள் இருந்தாள், பிள்ளை உறங்கியது. பிறகு இன்னொருத்தி. இருந்தவர்கள் கையால் தடவிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். மஃரிபுக்குள் ஆறு பாய் போய்விட்டது.

நல்ல வியாபாரம் நடக்கும்போதே பாத்திஹா ஓதும் சத்தம் கேட்டது. லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கடைய விட்டுட்டுப் போறீங்களே லாத்தா?"

"நான் கடைக்கா வந்தன்? கொடிக்கு வந்தன் மகள். வந்த இடத்துல பாய் விக்கிறன்."

காசுப்பையை அவிழ்த்து அக்காவின் மடியில் போட்டுவிட்டு நடந்தார். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் 1975இலிருந்து சித்திரக்கதை ரசிகர்கள் ஒரு சந்தை நடத்துகிறார்களாம். தாங்களே வரைந்த புத்தகங்களை மேசையில் வைத்து விற்பார்கள். விற்பவரும் ரசிகர், வாங்குபவரும் ரசிகர், எல்லோருக்கும் பங்குபற்றுபவர் என்றே பேர். கொழும்பில் படிக்கும் என் மச்சாள் மகள் இதைப் பெரிய புதுமையாகச் சொன்னாள். நான் லாத்தாவை நினைத்துச் சிரித்தேன்.

கந்தூரி நாளில் மழை தறப்பாளைச் சாய்த்தது. இரண்டு பாய் ஊறிப்போயின. மழையைக் கண்ட சனம் விலையைக் குறைத்துக் கேட்க, நான்கு பாயை 1,500க்குக் கொடுத்தோம்.

இரவு லாந்தர் வெளிச்சத்தில் கணக்குப் பார்த்தோம். பதின்மூன்று பாய், 21,300 ரூபாய். இடம், தறப்பாள் வாடகை, ஓட்டோ எல்லாம் 4,000. மிச்சம் 17,300. வியாபாரியிடம் கொடுத்திருந்தால் 11,700 வந்திருக்கும். இரண்டு நாள் மழையில் இருந்ததற்கு ஆளுக்கு 2,800 கூடுதல். லாத்தா ஒரு தவணைக் காசைத் தனியே எண்ணி முந்தானையில் முடிந்தார்.

"எங்கட துரோபதை அம்மன் தீமிதிப்புக்கும் சனம் வரும்" என்றார் அக்கா, பாய்களைக் கட்டிக்கொண்டே. "நான் இடம் பிடிக்கிறன்."

"மருமகன் அதுக்கும் வருவான்" என்றார் லாத்தா.

"வரட்டும். அவருக்கும் ஒரு பாய் விப்பம்."

நனைந்த இரண்டு பாய்களும் என் வீட்டில்தான் காய்கின்றன. ஒன்றில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அதற்கு என்ன விலை போடுவது என்று லாத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.